இரண்டாவது கையெழுத்து

ஜூன் 3

நாத்தனார் மகாராணிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். கட்டிக்கொண்டு வந்த அண்ணிக்கு நேராகச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. போகட்டும். பஸ் ஏறும் முன் கதவைத் தட்டி, "போய்ட்டு வரேன் அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். உன் அண்ணன் நடுவில் நின்று திருதிருவென்று விழிப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வருஷம் ஒரே வீட்டில் சமைத்தோம், ஒரே வார்டில் நர்ஸ் வேலை பார்த்தோம். ஒரு சின்ன விஷயத்துக்காக மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? அந்தக் குழந்தைக்கு ஊசி மருந்து, எடைக்குத் தகுந்த அளவு. நீ கணக்குப் போட்டாய். இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாய். கூப்பிட்ட கையோடு விடையையும் சொன்னாய். "சொல்லாத, தள்ளி நில்லு, நான் தனியா போட்டுப் பாக்கறேன்" என்றேன். இதுவா கொலைக்குற்றம்? நீ சொல்லும் விடைக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட நான் எதற்கு? ஒரு பொம்மையை வாங்கி வைத்துக்கொள்ளலாமே.

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் அண்ணனும்தான். நீ போனபின் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதாம். முன்பெல்லாம் நீ போட்டது தெரியாமல் நான் ஒரு தடவை போடுவேன், அவர் மூச்சுவிடாமல் விழுங்குவார். இப்போது மெச்சிக்கொள்கிறார். எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

உன் அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு ("அன்புள்ள" என்பது வழக்கத்துக்காக எழுதியது, வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்),

கடிதம் நல்ல யோசனை. கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது!

சின்ன விஷயமா? என் விடை சரியாக இருந்ததா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள். ஒரு புள்ளி பிசகவில்லை. நீங்கள் தனியாகப் போட்டும் அதேதான் வந்தது. ஆனால் நீங்கள் "தள்ளி நில்லு" என்று சொன்னது எங்கே? அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் மருந்தை எடுத்துக்கொண்டு போனாலே அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, "அந்தப் பெரிய சிஸ்டர் வரட்டும்" என்று சொன்னாள். பெரிய சிஸ்டராம். நீங்கள் என்னைவிட நாலு வயசுதான் பெரியவர். எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? குளியலறையில் போய் அழுதேன். இதை அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

இங்கே அப்படியெல்லாம் இல்லை. சின்ன ஆஸ்பத்திரி, முப்பது படுக்கை, மருந்து அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை. எல்லோரும் தங்கம். என்னோடு ஷிப்ட் பார்க்கும் சிஸ்டருக்கு "சர்க்கரை" என்று பட்டப்பெயர், அவ்வளவு இனிமையான ஆள். இன்சுலின் மாதிரி ஆபத்தான மருந்துக்கெல்லாம் இங்கேயும் இரண்டு கையெழுத்து உண்டு. நான் மருந்தை எடுத்து முடிக்கும் முன்பே சர்க்கரை கையெழுத்துப் போட்டுவிடுவாள். "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானே சிஸ்டர்" என்பாள். இதற்குப் பெயர்தான் நம்பிக்கை. சும்மா உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

அண்ணனுக்கு உப்பு சரியாக இருப்பதில் மகிழ்ச்சி.

உங்கள் நாத்தனார்


ஜூன் 20

மகாராணிக்கு,

வார்டில் தலைக்கு மேல் வேலை, நீளமாக எழுத நேரமில்லை. உன் சர்க்கரையைப் பற்றிப் படித்தேன். வாயெல்லாம் தித்திக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. நீ அங்கே போன நாளிலிருந்து அவள் ஒரு தடவையாவது உன்னிடம் "இல்லை" என்று சொல்லியிருக்கிறாளா?

உன் அண்ணன் பஸ் டிப்போவிலிருந்து வந்து கிரீஸ் கையோடு இந்தக் கடிதத்தைத் தொடப் பார்த்தார். ஓரத்தில் இருக்கும் கறுப்புத் தடம் அவருடைய விசாரிப்பு என்று வைத்துக்கொள்.

உன் அண்ணி


ஜூலை 2

அண்ணி,

உங்கள் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் ஜெயித்ததாக நினைத்துவிடாதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இன்சுலின் இரண்டு விதமாக வருகிறது. ஒரு பாட்டிலில் மில்லிக்கு நாற்பது யூனிட், இன்னொன்றில் நூறு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் ஒரேயடியாக இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இங்கே இரண்டு சிரிஞ்சையும் ஒரே தட்டில் கலந்து போட்டு வைத்திருக்கிறார்கள்! முதல் நாளே பார்த்தேன். புது இடம், வந்தவுடனே வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஒரு வேலை செய்தேன். திட்டாதீர்கள். மருந்து அறையில் நானும் சர்க்கரையும் மட்டும். ஒரு புதுச் சிரிஞ்சைப் பிரித்தேன். மருந்து எதுவும் எடுக்கவில்லை. தண்ணீர்கூட எடுக்கவில்லை. வெறும் காற்று. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பதினாறு யூனிட், பாருங்க சிஸ்டர்" என்றேன். சர்க்கரை பேனாவைத் திறந்துகொண்டே, "ஆமா, பதினாறு, கரெக்ட்" என்றாள். வெறும் காற்றுக்குக் கையெழுத்து, அண்ணி! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் யோசித்தேன். இத்தனை நாள் நான் எடுத்த மருந்தையெல்லாம் என்னைத் தவிர வேறு யாருமே பார்க்கவில்லை.

சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அன்று மத்தியானத்திலிருந்து சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலி. சர்க்கரையை அழவைத்த பாவி என்று வார்டே என்னைப் பார்க்கிறது. துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அங்கே திரும்பி வந்து உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

உங்கள் நாத்தனார்


ஜூலை 9

அடி கிறுக்கு,

முதலில் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வை.

காற்றுக்குக் கையெழுத்து வாங்கிய இடத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். சிரித்து முடித்தபின் கோபம் வந்தது. மருந்து அறையில் விளையாட்டு என்னடி? இனி இந்த வேலை வேண்டாம். ஆள் மாறி யாராவது அந்தச் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

அந்தப் பெண்ணைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தப்பு நீ கேட்ட கேள்வியில் இருக்கிறது. "பதினாறு, பாருங்க" என்று கேட்டால் பதினாறு என்றுதான் பதில் வரும். நீ அவளுக்குப் பிடித்தவள், வேறு என்ன சொல்வாள்? உன்னைப் பிடித்துப்போன யாரிடமும் விடையைச் சொல்லிவிட்டுக் கேட்காதே. மருந்துச் சீட்டைக் கொடு, பாட்டிலைக் கொடு, சிரிஞ்சைக் கையில் கொடு. "உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. சும்மா இருப்பதுதான் உனக்கு வராத வேலை, தெரியும். நாக்கைக் கடித்துக்கொள். உனக்கு வந்ததும் அவளுக்கு வந்ததும் ஒன்றானால்தான் நோயாளியிடம் போக வேண்டும். போனபின் பெயரைக் கேள், கையில் கட்டிய பெயர்ப்பட்டையைப் பார், எந்த மருந்து ஆகாது என்று கேள். பத்து நாளாக அதே ஆளாக இருந்தாலும் கேள்.

சிரிஞ்சுகளை இரண்டு தட்டாகப் பிரித்து வைக்கச் சொல்லி இன்றைக்கே உங்கள் தலைமை நர்ஸிடம் பேசு. புது இடமாவது மண்ணாங்கட்டியாவது.

எனக்குச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. வாயுதான். நீ இல்லாமல் சமையல் முழுக்க என் தலையில் விழுந்ததால் வந்தது.

அண்ணி


ஜூலை 28

அண்ணி அண்ணி அண்ணி,

உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். முதலில் சர்க்கரையிடம் போய், "சோதிச்சது என் தப்பு, ஆனா எனக்குப் பயமா இருக்கு, என்னைத் தனியா விட்டுடாதீங்க" என்றேன். அவள் என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள். பிறகு, "எனக்கு மட்டும் பயம் இல்லையா? கேட்டா நீங்க கோச்சுக்குவீங்கன்னுதான் கேக்கல" என்றாள். பாருங்கள்! இரண்டு பேரும் பயந்துகொண்டு, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, வேலை பார்த்திருக்கிறோம்.

அன்றிலிருந்து விடையைச் சொல்லாமல்தான் கேட்கிறேன். நாக்கில் தழும்பே வந்துவிட்டது. தட்டைப் பிரிக்கச் சொன்னதற்குத் தலைமை நர்ஸ், "பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாம் நடக்கும் முன்பே நேற்று இது நடந்தது. ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். இன்சுலின் எடுத்துச் சர்க்கரையிடம் கொடுத்தேன். அவள் சீட்டைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணி, எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாக ஊசி போடுகிறவளிடம் நேற்றுவரை காற்றுக்குக் கையெழுத்துப் போட்ட இவள் என்ன பார்க்கிறாள் என்று. அப்போது அவள் மெதுவாக, "எனக்கு வேற வருது சிஸ்டர்" என்றாள். "பாட்டில் நூறு. மூடி சிவப்பா இருக்கே?"

நாற்பது சிரிஞ்சில் நூறு மருந்து எடுத்திருந்தேன். நான்! அந்தத் தட்டைப் பற்றி ஊரெல்லாம் புலம்பின நான்!

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தச் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, சரியான சிரிஞ்சில் எடுத்து, மறுபடி இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து, கொண்டுபோய்ப் போட்டோம். தையல்காரர், "என்னம்மா, இன்னைக்கு லேட்டு?" என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு என்ன தெரியும்? தலைமை நர்ஸிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சாயங்காலமே இரண்டு தட்டு வந்துவிட்டது.

வாயு என்று எழுதியிருந்தீர்களே, சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அது என்னவென்று நர்ஸ் படிப்பு முதல் வருஷப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். உடனே ஸ்கேன் எடுங்கள். அண்ணனிடம் நானே சொல்வேன்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 11

உனக்கு,

சொல்லிவிட்டாய் உன் அண்ணனிடம். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். பித்தப்பை நிறையக் கல். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். நம் ஆஸ்பத்திரியிலேயே, மேல்மாடி வார்டில். வலி அதிகமானதால் இப்போதே படுக்க வைத்துவிட்டார்கள். படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கிண்டல் செய்யாதே.

என்னை இங்கே எப்படித் தாங்குகிறார்கள் தெரியுமா? காலையில் ஒரு பெண் டீ கொண்டுவருகிறாள், இன்னொருத்தி தலையணையை உயர்த்தி வைக்கிறாள். ஆனால் கையில் பட்டை கட்டவில்லை. "உங்களை யாருக்குத் தெரியாது சிஸ்டர்!" மருந்து கொண்டுவந்தால் பெயர் கேட்பதில்லை. இது என்ன மாத்திரை என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்?" என்று சிரிக்கிறார்கள். நேற்று வலிக்கு ஊசி கொண்டுவந்தாள் ஒரு பெண். இரண்டு கையெழுத்தும் முன்கூட்டியே போட்டு இருந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடி எடுத்து, மறுபடி பார்த்துக் கொண்டுவரச் சொன்னேன். கண்கலங்கிப் போனாள். அவள் பொல்லாதவள் இல்லை, நான் பயிற்சி கொடுத்த பெண்தான். என் மேல் இருக்கிற மரியாதையில் என்னைக் கேள்வி கேட்க அவர்களுக்கு நா எழவில்லை.

இப்போதாவது நான் முழித்துக்கொண்டிருக்கிறேன், கேட்கிறேன். பதினெட்டாம் தேதி மயக்கம் கொடுத்துவிடுவார்கள். அப்போது எனக்காக யார் கேட்பார்கள்? உன் அண்ணன் வருவார். பாவம், பஸ் இன்ஜினில் எந்த ஆணி எங்கே என்று கேட்டால் சொல்வார். வெள்ளை உடுப்பைப் பார்த்தாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பிடிக்காத, என்னோடு சரிக்குச் சரி நிற்கிற ஒரு ஆள் எனக்குப் பக்கத்தில் வேண்டும். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள், அவளையும் விரட்டிவிட்டேன். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

அண்ணி


ஆகஸ்ட் 18, ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணி,

நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லபடியாக முடிந்துவிட்டது. கண்ணாடி வழியே பார்க்கிறேன், வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். அண்ணன் பெஞ்சில் அதே மாதிரி தூங்குகிறார். நீங்கள் எழுந்ததும் "ஒன்னும் நடக்கலையே?" என்று கேட்பீர்கள், நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சண்டைக்கு வருவீர்கள். அதனால் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

லீவுக்குச் சர்க்கரைதான் வழி செய்தாள். என் ஷிப்டையும் சேர்த்து அவளே பார்க்கிறாள். "போங்க, உங்க அண்ணிகூடச் சண்டை போட்டுட்டு வாங்க" என்றாள்.

காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உங்களை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து நிறுத்தியபோது உங்களுக்கு மயக்கத்துக்கு முந்தின மருந்து ஏறி அரைத்தூக்கம். என்னைப் பார்த்து, "துணியெல்லாம் அலமாரியில வெச்சியா?" என்று கேட்டீர்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் தட்டோடு வந்தாள். கத்தி வைக்கும் முன் போடும் ஆன்டிபயாட்டிக். நான் நோயாளியின் சொந்தக்காரிதானே, இங்கே எனக்கு என்ன அதிகாரம்? இருந்தாலும் குறுக்கே போய் நின்றேன். "இவங்களுக்கு எந்த மருந்து ஆகாது?" என்று கேட்டேன். அவள், "எல்லாம் ஆகும்னுதான் இருக்கு" என்றாள். தட்டில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். பென்சிலின் வகை.

மூன்று வருஷத்துக்கு முன் பல்வலிக்கு ஒரு மாத்திரை போட்டுவிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, நானும் அண்ணனும் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதே வகை.

சத்தம் போடவில்லை, நம்புங்கள். "நிறுத்துங்க, இது இவங்களுக்கு ஆகாது, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே நின்றாள். டாக்டர் வந்தார், கேட்டார், வேறு மருந்து எழுதினார். அதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தபின்தான் உள்ளே விட்டேன். அப்புறம் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "நேத்து சாயங்காலம் சிஸ்டர்கிட்டக் கேட்டேங்க. எந்த மருந்தாவது ஆகாதான்னு. 'என்கிட்டயேவா கேக்கற, எல்லாம் பழையபடிதான், போ, போய் வேலையப் பாரு'ன்னு அனுப்பிட்டாங்க."

அண்ணி! ஒரு வாரமாக யாரும் கேட்கவில்லை என்று புலம்பிவிட்டு, ஒருத்தி வந்து ஒழுங்காகக் கேட்டபோது விரட்டினீர்களா? நீங்கள் எழுந்திருங்கள், உங்களுக்கு இருக்கிறது. உங்களை இழந்திருந்தால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? இப்படியா ஒரு மனுஷியைப் பயமுறுத்துவது?

இதோ, அசைகிறீர்கள். வருகிறேன்.


செப்டம்பர் 2

என் நாத்தனாருக்கு,

நீ ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. தையல் பிரித்துவிட்டார்கள். எண்ணெய் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் உன் அண்ணன் சமைக்கிறார். என்ன சமைத்தார் என்று கேட்காதே, அவருக்கே தெரியாது.

தலையணைக்கு அடியில் நீ வைத்த கடிதத்தை நீ போனபின் நாலு தடவை படித்தேன். இங்கே இருந்தவரை நீயும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தப் பெண் வந்து கேட்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இதே ஆஸ்பத்திரியில் இருக்கிற என்னிடம் ஒன்றும் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்கிறாளே என்று ஒரு ரோஷம். அந்த ரோஷத்தில் விரட்டினேன். நீ குறுக்கே வந்து நிற்காவிட்டால் அதனாலேயே என் உயிர் போயிருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு முன்னால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. அன்றைக்கு நான் செய்தது சரி. சொன்ன இடமும் சொன்ன விதமும் தப்பு. இதை நான் சொல்லிவிட்டேன் என்று ஊர் முழுக்கத் தண்டோரா போடாதே.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ கேட்டது சரி, விரட்டினாலும் போகாம நின்னு கேளு" என்று சொன்னேன். மேல்மாடி வார்டில் இப்போது டாக்டரின் மாமியாராக இருந்தாலும் கைப்பட்டை கட்டுகிறார்கள். சர்க்கரைக்கு என் அன்பைச் சொல். நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வரும் என்றும் தோன்றுகிறது.

நேற்று உன் அண்ணன் தட்டு கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்களா?"

"இல்லை" என்றேன். மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது. அவருக்குப் புரியாது. என்னைப் பார்த்துத் தலையாட்ட இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். என் உயிரைக் கையில் கொடுக்க, சண்டைக்காரி நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் அண்ணி